ஊதுகுழாயைக் கழுத்தில் சுற்றாதீர்கள், வாய்க்குழலைப் பகிராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பேத்தி ஒரு வார இறுதிக் கண்ணாடி வகுப்புக்குப் போய் வந்தாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள், வயது 19. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். மேசை பர்னருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சின்னக் குடுவையை ஊதிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என் பார்வை குடுவைக்குப் போகவில்லை, அவள் கழுத்துக்குப் போனது. ஊதுவதற்கான ரப்பர் குழாய் அவள் கழுத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

"யாரம்மா இப்படிப் போட்டுவிட்டது?" என்று கேட்டேன்.

"கீழே தொங்காம இருக்கணும்னு டீச்சர்தான் சுத்திவிட்டாங்க தாத்தா."

"வாயில வைக்கிறது?"

"எட்டுப் பேருக்கும் ஒண்ணுதான். டிஷ்யூவால துடைச்சுத் துடைச்சுக் குடுத்தாங்க."

அந்த வகுப்பை நடத்துபவர்களுக்கு நான் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். இதுவரை ஒன்றும் ஆனதில்லை என்றார்கள், ஆளுக்கொரு குழாய் என்றால் செலவாகும் என்றும் சொன்னார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் இப்போது சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் பலர் கண்ணாடி வேலையை ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் 1976 முதல் 2019 வரை ஆய்வகக் கண்ணாடி ஊதுநராக வேலை செய்தவன். வேதியியல் ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய கன்டென்சர், வெற்றிடக் குழாய், பல கழுத்துக் குடுவை எல்லாம் செய்தோம், உடைந்து வருவதைப் பழுது பார்த்தோம். கடைக்குப் போய் வாங்க முடியாத உருவத்தை ஆராய்ச்சியாளர் ஒரு தாளில் வரைந்து கொண்டுவருவார். நாங்கள் அதைக் கண்ணாடியில் செய்து கொடுப்போம். அந்த 43 வருடமும் என் உதட்டில் ஒரு குழாய் இருந்தது.

உலைக்களத்தில் வேலை செய்பவர்கள் நீண்ட எஃகு ஊதுகோலின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சுற்றியெடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவார்கள். தனி ஆளாக வேலை செய்கிறவர்கள் அந்தக் கோலின் முனையிலும் ரப்பர் குழாய் மாட்டிக்கொள்வதுண்டு. மேசையிலும், கண்ணாடியைப் பிடித்துச் சுழற்றும் இயந்திரமான லேத்திலும் வேலை செய்கிறவர்களுக்குக் குழாய் இல்லாமல் முடியாது. கண்ணாடிக் குழலை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே சுடரில் காட்ட வேண்டும். கண் அதன் மேலேயே இருக்க வேண்டும். வாயை அருகில் கொண்டுபோக முடியாது. அதனால் கண்ணாடியின் ஒரு முனையைத் தக்கை வைத்து அடைத்துவிட்டு, மறுமுனையில் துளையிட்ட தக்கை, அதில் ஸ்விவல், ஸ்விவலிலிருந்து ரப்பர் குழாய், குழாய் முடிவில் வாய்க்குழல் என்று மாட்டுவோம். ஸ்விவல் என்பது கண்ணாடி சுழன்றாலும் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் காக்கும் சிறு இணைப்பு. மொத்தமும் உள்ளங்கையில் சுருட்டி வைக்கிற அளவுதான். பர்னருக்கும் லேத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிற இடங்களில்கூட இதை யாரும் யோசித்து வாங்குவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

குழாய் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எடை. குழாய் கனமாக இருந்தால் வாய்க்குழலைக் கீழே இழுக்கும். உதடு சோர்ந்துபோகும். உதடு சோர்ந்தால் பல்லால் கடிப்போம். பல்லால் கடித்தால் தாடை இறுகும், அப்புறம் ஊதுகிற காற்றின் அளவு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. எனக்கு 58 வயதில் மேல் வரிசைப் பல் போய்ப் பல்செட் வந்தபோது இதை நன்றாக உணர்ந்தேன். கடிக்க முடியாது, கடித்தால் செட் நகர்ந்துவிடும். அன்றிலிருந்து இன்னும் மெல்லிய குழாய்க்கு மாறி, வாய்க்குழலின் மேல் ஒரு விரல்கடை சிலிக்கோன் உறையும் போட்டுக்கொண்டேன். என் வேலை அதற்குப் பிறகுதான் இன்னும் சீராக வந்தது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனப் பெரியவர். சிஃபு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இருவருக்கும் சந்தை மலாய்தான். முதல் நாள் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, "ஜாங்கான் பக்காய் டாடா" என்றார். நெஞ்சால் ஊதாதே. பிறகு என் கன்னத்தைத் தட்டி, "பக்காய் பிப்பி" என்றார். கன்னத்தால் ஊது. கன்னத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு, நாக்கைக் கதவு போலத் திறந்து மூடித் துளித்துளியாக விட வேண்டும். ஆய்வகங்களில் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடி 820 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். நன்றாக இளகிய பிறகு நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு விட்டால் சோப்புக் குமிழி மாதிரி மெலிந்து பறந்துவிடும்.

குழாயின் உள்விட்டம் இதற்கு முக்கியம். நான் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் உள்விட்டம் வைத்திருந்தேன். மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாய் மலிவு என்று சிலர் அதை வாங்கி மாட்டுகிறார்கள். அது குறுகல், விறைப்பு வேறு. ஊதினால் காற்று தாமதமாகப் போய்ச் சேரும், போய்ச் சேர்ந்தது கன்னத்துக்குத் தெரியாது. நல்ல குழாயில் கண்ணாடி இளகி விரிவது கன்னத்திலேயே தெரியும், ஒரு மெல்லிய தளர்வு வரும். அந்தத் தளர்வு வந்த நொடியில் நாக்கு மூடிக்கொள்ள வேண்டும். ரொம்ப அகலமான குழாயும் வேண்டாம், அதில் காற்று தேங்கிப் பஞ்சு மாதிரி அமுங்கும். வெற்றிடப் பம்புக்கு மாட்டுகிற தடித்த சுவர்க் குழாய் கூடவே கூடாது, எடையே போதும் உதட்டைக் கெடுக்க.

லேட்டக்ஸா, சிலிக்கோனா என்று கேட்பார்கள். நான் லேட்டக்ஸ் கட்சி. தேன் நிறத்தில் இருக்கும், லேசு, வளைத்தாலும் எளிதில் அடைபடாது. அந்த வாசனை எனக்கு வீட்டு வாசனை. என் அம்மா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் கோப்பையில் சொட்டுகிற அதே பால்தான் இந்தக் குழாய். 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888 முதல் நம் தாவரவியல் பூங்காவின் தலைமையில் இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டுபிடித்துப் பரப்பினார். அம்மா வெட்டியதும் அந்த முறைதான். முதல் சம்பளத்தோடு நான் வீட்டுக்குப் போனபோது ஒரு துண்டுக் குழாயை அம்மாவிடம் காட்டினேன். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுலயா ஊதுற?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதைத் திருப்பித் தரவில்லை.

சரி, லேட்டக்ஸுக்கு நம் ஊர் வெயில் ஆகாது. ஜன்னலோரம் தொங்கவிட்டால் சில மாதத்தில் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். வாசலின் தடவக் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஸ்விவலுக்குப் பூசினாலும் சிலிக்கோன் கிரீஸ்தான். சிலருக்கு லேட்டக்ஸ் ஒவ்வாது. எங்கள் பட்டறையில் ஒரு பெண்ணுக்கு உதட்டைச் சுற்றித் தடித்து அரித்தது. அவருக்குச் சிலிக்கோன் கொடுத்தோம், சரியாகிவிட்டது. சிலிக்கோன் சூடு தாங்கும், ஆனால் அதே அளவுக்குக் கொஞ்சம் கனம். ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்தே கிழியும். அலர்ஜி இருந்தால் தயங்காமல் சிலிக்கோன் வாங்குங்கள்.

ஸ்விவல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் பித்தளையிலும் டெஃப்லானிலும் கிடைக்கிறது. சிஃபு எனக்குச் செய்து கொடுத்தது பழைய கண்ணாடி ஊசிமருந்துச் சிரிஞ்சில். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வாங்கியது. அந்தச் சந்தையே 2017இல் மூடிவிட்டார்கள். சிரிஞ்சின் உருளையும் உள்ளே போகும் தண்டும் ஒன்றோடொன்று பொருந்தத் தேய்க்கப்பட்டவை. தண்டைக் குட்டையாக வெட்டி, நடுவில் காற்று போக வழி திறந்து, ஒரு சொட்டு கிரீஸ் வைத்தால் வெண்ணெயில் சுற்றுவது மாதிரி சுற்றும். அதை இன்னும் வைத்திருக்கிறேன். வாங்கும்போது சோதனை சுலபம். குழாயை மாட்டித் தொங்கவிட்டு, ஸ்விவலின் காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். கீழே தொங்கும் குழாய் அசையாமல் நிற்க வேண்டும். கூடவே திரும்பினால் அது வேண்டாம். அப்புறம் திறந்த முனையை விரலால் அடைத்து, ஸ்விவலை ஒரு கோப்பைத் தண்ணீரில் முக்கி, மெல்ல ஊதுங்கள். குமிழி வந்தால் காற்று கசிகிறது. கசிகிற ஸ்விவலோடு வேலை பழகியவர்கள் பலமாக ஊதப் பழகிவிடுகிறார்கள். பிறகு நல்லது கையில் வந்தால் எல்லாவற்றையும் வெடிக்க வைக்கிறார்கள்.

இனி மாட்டிக்கொள்வது. நான் கடிதம் எழுதக் காரணமே இதுதான்.

துண்டைத் தோளில் போடுவோமே, அப்படிப் போட வேண்டும். கண்ணாடியின் இடது முனையில் இருக்கும் ஸ்விவலிலிருந்து குழாய் மேலே வந்து இடது தோளில் ஏறி, பிடரிக்குப் பின்னால் போய், வலது தோள் வழியாக முன்னால் வந்து வாய்க்கு வர வேண்டும். எடையைத் தோள் தாங்கிக்கொள்ளும், உதடு சும்மா பிடித்திருந்தால் போதும். யாராவது இடித்து, அல்லது கண்ணாடி கை நழுவி விழுந்து, குழாய் இழுபட்டால் தோளிலிருந்து நழுவிப் போய்விடும். ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் நழுவாது, இறுகும். இறுகும்போது கையில் 800 டிகிரிக் கண்ணாடி இருக்கும். முன்னால் சுடர் எரிந்துகொண்டிருக்கும். கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கழுத்தை விடுவிக்க ஒரு புதுப்பிள்ளைக்குத் தோன்றாது, கண்ணாடியைத்தான் இன்னும் இறுகப் பிடிக்கும்.

லேத்தில் இது உயிர் விஷயம். கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் சக் சுழன்றுகொண்டே இருக்கும். அதில் குழாய் சிக்கினால் லேத் நிற்காது, மனிதரைத்தான் இழுக்கும். அதனால் லேத்துக்கு மேலே ஒரு கொக்கி வைத்துக் குழாயை மேலிருந்து தொங்கவிடுவோம். உடம்பில் சுற்றவே மாட்டோம். எங்கள் இடத்தில் ஒருமுறை குழாய் சிக்கவில்லை, கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையின் நாடா சிக்கியது. பக்கத்தில் நின்றவர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். நாடா அறுந்தது, கழுத்தில் சிவப்புக் கோடு, அவ்வளவோடு போயிற்று. அன்றிலிருந்து பட்டறை வாசலில் ஓர் ஆணி அடித்து, அட்டையை அங்கே மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவோம். தாலிச் சங்கிலி போட்டிருக்கும் பெண்கள் அதைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். சுடரில் காட்டும் கண்ணாடியிலிருந்து வரும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டிடிமியம் மூக்குக் கண்ணாடிக்கும் கயிறு கட்டிக்கொள்கிறார்கள், அதுவும் கழுத்தில் இன்னொரு சுருக்கு. வேண்டாம்.

நீளம் எவ்வளவு? இரண்டு கையையும் சுடருக்கு அந்தப் பக்கம் வரை நீட்டிப் பாருங்கள், வாய்க்குழல் இழுபடாமல் இருக்க வேண்டும். என் உயரத்துக்கு 1.3 மீட்டர் சரியாக இருந்தது. அதிகம் வைத்தால் மடிப்பு மார்புக்கு முன் தொங்கும். 1979இல் என்னுடையது அப்படித் தொங்கிச் சுடரின் ஓரத்தில் பட்டது. ஊதிய காற்று எங்கோ போகிறதே என்று குனிந்து பார்த்தால் குழாய் கருகி ஓட்டை. சட்டை பருத்தி, அதனால் தப்பித்தேன். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

வாய்க்குழல் யாருடையதோ அவருடையது மட்டும்தான். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கண்ணாடித் தொழிற்சாலைகளில் ஓர் ஊதுகோல் பல வாய் மாறியதால் மேகநோய் (சிஃபிலிஸ்) பரவியதை மருத்துவர்கள் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், 2003இல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 33 பேர் இறந்தார்கள். தினமும் இருமுறை காய்ச்சல் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனோம். கொவிட் காலத்தில் நாம் பட்டதை நான் சொல்ல வேண்டியதில்லை. டிஷ்யூ காகிதம் எச்சிலைத் துடைக்கும், கிருமியைத் துடைக்காது. வாய்க்குழலின் துளைக்குள் அது நுழைவதே இல்லை. குழாய்க்குள் முந்தினவரின் மூச்சு ஈரம் நீர்த்துளியாக நிற்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாள் சுருட்டி வைத்தால் உள்ளே கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். ஒரு பழைய குழாயை நீளவாக்கில் பிளந்து பார்த்தவர்கள் பிறகு யாருக்கும் கடன் கொடுக்க மாட்டார்கள்.

சிராங்கூன் சாலைக் கோயில்களில் திருவிழாவுக்கு வாசிக்கும் நாகசுரக்காரரைப் பாருங்கள். வாத்தியத்தோடு நாலைந்து சீவாளி கயிற்றில் தொங்கும். அத்தனையும் அவருடையவை. வாத்தியத்தை வேண்டுமானால் அடுத்தவர் கையில் கொடுப்பார், தன் வாயில் வைத்த சீவாளியைக் கொடுப்பாரா? நம் ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

செலவு என்கிறார்கள். வாய்க்குழல் இரண்டு மூன்று வெள்ளி. ஒரு மீட்டர் சொச்சம் குழாயும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைத் தாண்டாது. வகுப்புக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், பெற்றோர் யாரும் மறுக்க மாட்டார்கள். கண்ணாடியில் செய்த வாய்க்குழலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், அழகாக இருக்கும், பல்லில் உடையும். வழவழப்பான கடின பிளாஸ்டிக் போதும். தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, குழாயை இரண்டு முனையும் திறந்திருக்க நேராகத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். புதுக் குழாயின் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும், அதையும் கழுவிவிட்டே வாயில் வையுங்கள்.

இன்னொன்று, இது வகுப்புகளைவிட ஆய்வகங்களில் இருப்பவர்களுக்கு. குழாய் இரண்டு பக்கமும் திறந்தது. நாம் ஊதுவது அந்தப் பக்கம் போகிற மாதிரி, அந்தப் பக்கம் இருப்பது நம் வாய்க்கும் வரும். 1984இல் ஒரு குடுவை பழுதுக்கு வந்தது. கழுவியாகிவிட்டது என்று சீட்டு ஒட்டியிருந்தது. சுடரில் காட்டினேன், உள்ளே காற்று விரிந்தது, தொண்டையை அறுக்கிற ஒரு காரம் குழாய் வழியாக நேரே வாய்க்கு வந்தது. கரைப்பான் மிச்சம் இருந்திருக்கிறது. மூன்று நாள் குரல் இல்லை. குளோரோஃபார்ம் மாதிரிக் குளோரின் கலந்த கரைப்பான்கள் சுடரில் சிதைந்தால் ஃபாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. அதற்குப் பிறகு யார் கழுவியிருந்தாலும் நானே ஒருமுறை கழுவி, அடுப்பில் உலர்த்தாமல் எதையும் தொட்டதில்லை. குழாயில் பஞ்சு வைத்த சிறு கண்ணாடிக் குமிழ் மாட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பஞ்சு எச்சிலையும் தூசியையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதை நம்பிக் கழுவாமல் விடாதீர்கள். குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுக்கவும் கூடாது. மூக்கால் இழு, வாயால் ஊது. பிள்ளைகளுக்கு முதல் நாள், சுடரைப் பற்றவைக்கும் முன்னால், வெறும் குழாயை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இதை மட்டும் பழக்குங்கள்.

அந்த வகுப்பை நடத்துபவர்கள் இதைப் படித்தால், ஒரு சனிக்கிழமை நானே வந்து எட்டுக் குழாய் வெட்டி, எட்டு ஸ்விவலையும் சோதித்துத் தருகிறேன். காசு வேண்டாம். என் பேத்திக்கு அவளுடையதை வெட்டிக் கொடுத்துவிட்டேன், 1.2 மீட்டர், லேட்டக்ஸ். வாய்க்குழலில் அவள் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருக்கிறேன். வீட்டுக் கூடத்தில் துண்டை வைத்து எப்படிப் போட வேண்டும் என்று காட்டினேன். பிறகு குழாயைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, அவள் எதிர்பாராத நேரத்தில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "இன்னொரு தடவை இழுங்க தாத்தா" என்றாள். நாலு தடவை இழுத்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகக் கண்ணாடி ஊதுநர்,
புக்கிட் பாத்தோக்